"லைசன் வேண்டாம்" என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

பற்றரியில் ஓடும் வண்டிகள் பற்றித்தான் இந்த முறை கூடுதலான கேள்விகள். பிள்ளைக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று என்று கொழும்பில் வீட்டுக்கு வீடு யோசிக்கிறார்கள் போலிருக்கிறது.

கேள்வி: மகனுக்கு 16 வயது. டியூஷனுக்குப் போய்வர ஒரு சின்ன எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பார்த்தோம். "250 வொட்தான், 25 கிலோமீட்டர் வேகம்தான், லைசனும் வேண்டாம், நம்பர் பிளேட்டும் வேண்டாம்" என்கிறார் கடைக்காரர். யூடியூப்பிலும் அப்படியே சொல்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: வேண்டாம் அம்மா. அந்தக் காணொளி எந்த ஊரில் எடுத்தது என்று பாருங்கள், சென்னையாகவோ கோயம்புத்தூராகவோ இருக்கும். மோட்டார் 250 வொட்டுக்குக் குறைவு, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவு, பற்றரியைக் கழித்துவிட்டு எடை 60 கிலோவுக்கு மேற்படாது என்றால் பதிவு தேவையில்லை என்பது இந்திய மத்திய மோட்டார் வாகன விதி. நல்ல தமிழில் விளக்குகிறார்கள் என்பதற்காக அது பாக்கு நீரிணையைத் தாண்டி வந்துவிடாது.

இங்கே நடப்பது 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதன் திருத்தங்களும். கைப்பிடியை முறுக்கினால் தானாக ஓடுகிற, இருந்து ஓட்டுகிற ஸ்கூட்டர் என்றால் பெற்றோலில் ஓடினால் என்ன, பற்றரியில் ஓடினால் என்ன, அதை மோட்டார் சைக்கிளாகத்தான் பார்க்க வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு, நம்பர் பிளேட், காப்புறுதி, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம், ஹெல்மெட், மோட்டார் சைக்கிளுக்கான சாரதி அனுமதிப்பத்திரம் எல்லாம் வேண்டும். மின்வண்டிக்குத் தேவைப்படாதது புகைப் பரிசோதனை மட்டும்தான். லைசனுக்கு 18 வயதாக வேண்டும், ஆகவே உங்கள் மகனுக்கு இன்னும் இரண்டு வருடம் பஸ்தான், அல்லது மிதிக்கிற சைக்கிள்.

பொலிஸ் பிடித்தால் தண்டம் கட்டிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்குத் தண்டத்தை விடப் பெரிய பயம் காப்புறுதி. பதிவில்லாத வண்டிக்குக் காப்புறுதி எடுக்க முடியாது. கொழும்பின் காலி வீதியில் ஒருவரை இடித்துவிட்டால், அவருடைய ஆஸ்பத்திரிச் செலவு முதல் நட்டஈடு வரை உங்கள் வீட்டுப் பணத்தில்தான் போகும். ஓட்டியவர் பிள்ளை என்றாலும் வழக்கு பெற்றோர் வாசலுக்கு வரும்.

பெரியவர் யாராவது ஓட்டத்தான் வாங்குகிறீர்கள் என்றால், முற்பணம் கொடுக்கும் முன்பு கடைக்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "பதிவுப் புத்தகம் என் பெயரில் எப்போது கைக்கு வரும்?" நேரான பதில் வந்தால் அந்தத் திகதியையும் செசி நம்பரையும் மோட்டார் நம்பரையும் பில்லில் எழுதி வாங்குங்கள். "முதலில் எடுத்துக்கொண்டு போங்க, பதிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றால் திரும்பி வந்துவிடுங்கள். வண்டி நாட்டுக்குள் வந்தபோதான சுங்க ஆவணம் இல்லாமல் பதிவு நடக்காது, அது இருப்பது இறக்குமதி செய்தவரிடம். நீங்கள் பிறகு தனியாக நாரஹேன்பிட்டியிலுள்ள திணைக்களத்துக்கு அலைந்து பிரயோசனமில்லை.

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது, முழங்கால் வருத்தம். லண்டனில் இருக்கும் அக்கா, நாலு சக்கர மொபிலிட்டி ஸ்கூட்டர் ஒன்று அனுப்புகிறேன் என்கிறா. "அங்கே லைசன் இல்லாமல் ரோட்டிலேயே ஓடலாம்" என்றும் சொல்கிறா. இங்கும் அப்படி ஓட்டலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: அக்கா சொல்வது பாதி சரி. பிரித்தானியாவில் இந்த வண்டிகளில் இரண்டு வகுப்பு. இரண்டாம் வகுப்பு மணிக்கு 4 மைல், அதாவது ஆறரைக் கிலோமீட்டருக்குள், நடைபாதையில் மட்டும். மூன்றாம் வகுப்பு வீதியில் 8 மைல் வரை போகலாம், ஆனால் அதை அங்கே பதிவுசெய்ய வேண்டும், ஓட்டுபவருக்கு 14 வயதாவது ஆகியிருக்க வேண்டும். இரண்டுக்கும் லைசன் வேண்டாம். ஆனால் நோயாலோ காயத்தாலோ இயலாமையாலோ நடக்கச் சிரமப்படுபவருக்குத்தான் அவை. இந்த வகுப்பெல்லாம் அந்த நாட்டுக்குரியது, வண்டியோடு கப்பலில் ஏறி வராது. ஆகவே வேகமான மூன்றாம் வகுப்பு வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அப்படியும் அதை வீதியில் விடும் எண்ணமிருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எழுத்தில் பதில் வாங்காமல் அனுப்பச் சொல்லாதீர்கள்.

சட்டத்தை விடுங்கள், உங்கள் வாசலைப் பாருங்கள். கொட்டாஞ்சேனை நடைபாதையில் நாலு அடிக்கு ஒரு படி, அதற்குள் ஒரு கடையின் பெட்டி, அதற்கப்பால் நிறுத்திய மோட்டார் சைக்கிள். சின்னச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் அதில் ஏறி இறங்காது, சரிந்து விழவும் கூடும். வீட்டுக் கதவின் அகலம், பிளாட் என்றால் லிப்ட்டின் உள்ளளவு, வண்டியின் நீளம், அது திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் என்பதை அளந்து அக்காவுக்கு அனுப்புங்கள். மழைக்காலத்தில் எங்கே வைப்பீர்கள், பற்றரி செத்தால் அதே அளவில் இங்கே கிடைக்குமா என்பதையும் கேட்டுப் பாருங்கள். பஞ்சிகாவத்தையில் எந்த வாகனத்துக்கும் சாமான் தேடலாம், மொபிலிட்டி ஸ்கூட்டருக்குத் தேடுவது வேறு கதை. என் அபிப்பிராயம்: கோயிலுக்கும் மருந்துக் கடைக்கும் போய்வருவதுதான் தேவை என்றால், இங்கேயே விற்று இங்கேயே திருத்தித் தருகிற மின் சக்கர நாற்காலி நல்லது.

இன்னொன்று. பொதுக் கட்டடங்களில் இயலாமை உள்ளவர்கள் போய்வர வசதி செய்ய வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 முதல் இலங்கையில் உண்டு. வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ சாய்தளம் இல்லை என்றால், அப்பாவைத் தூக்கிக்கொண்டு படியேறும் முன்பு முகாமையாளரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கேட்பது உரிமை.

கேள்வி: தம்பி டொரொன்டோவிலிருந்து வரும்போது நின்று ஓட்டும் ஈ-ஸ்கூட்டர் ஒன்றைப் பெட்டியோடு கொண்டுவரலாமா?
– வாசகர், தெஹிவளை

பதில்: விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள். பற்றரியின் வோல்ட்டை அம்பியர்-மணியால் பெருக்கினால் வொட்-மணி வரும். 36 வோல்ட், 7.5 அம்பியர்-மணி என்றால் 270. பயணிகள் விமானத்தில் 100 வரை தடையில்லை, 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியோடு, அதற்கு மேல் இல்லை. மின் சைக்கிள் பற்றரிகளும் அநேகமாக இந்த எல்லையைத் தாண்டியவைதான். சக்கர நாற்காலி போன்ற உதவி வண்டிகளுக்கு மட்டும் தனிச் சலுகை உண்டு, கழற்றக்கூடிய லிதியம் பற்றரி 300 வரை போகலாம். எப்படியோ வந்து சேர்ந்தாலும் மரைன் டிரைவில் மாலை நேரத்தில் அதை எங்கே ஓட்டுவார்? நடைபாதையில் குழந்தைகள், வீதியில் பஸ். தம்பியிடம் வேறு ஏதாவது கொண்டுவரச் சொல்லுங்கள்.

கேள்வி: பெடல் மிதிக்கும் மின் சைக்கிள் வாங்கி இரண்டு மாதம். 40 கிலோமீட்டர் ஓடும் என்றார்கள், இப்போது 15 தாண்டவில்லை. "பற்றரிக்கு வொரண்டி இல்லை" என்கிறது கடை. என்ன செய்வது?
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: நாளைக் கடத்தாதீர்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும் என்கிறது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம். உங்களுக்கு ஒரு மாதமே மிச்சம். 1977 க்கு அழைத்து வழி கேட்கலாம், ஆனால் அழைப்பு கடிதத்துக்குப் பதிலாகாது. பில், வொரண்டி அட்டை, "40 கிலோமீட்டர்" என்று போட்ட விளம்பரத்தின் படம் எல்லாவற்றின் பிரதியும் இணையுங்கள். முழுச் சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று சில நாள் குறித்து, திகதியோடு சேருங்கள். அட்டையில் பற்றரி விலக்கப்பட்டதாக எழுதியிருக்கிறதா, அல்லது வாயால் மட்டும்தான் சொல்கிறார்களா என்று பார்த்து அதையும் எழுதுங்கள். பொய்யான விளம்பரத்தைச் சொல்லி விற்பதையும் அதே சட்டம் தடுக்கிறது, அதனால் வொரண்டி இல்லை என்பதோடு கதை முடியாது.

கடிதம் அனுப்பும் வரை அந்தப் பற்றரியைக் கழற்றி வெளியே திருத்தக் கொடுக்காதீர்கள். கை வைத்த பற்றரி என்று கடைக்காரர் தப்பிவிடுவார்.