ஸ்ட்ரட் மாற்றினால் பில் ஏன் இவ்வளவு நீளம்?

கேள்வி: எங்கள் குடும்பக் கார் 90,000 கி.மீ. ஓடிவிட்டது. பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் 'டக் டக்' என்று சத்தம். மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு ஸ்ட்ரட்டும் போயிடுச்சு" என்கிறார். ஸ்ட்ரட் விலையை விசாரித்தேன், அவர் சொல்லும் மொத்தத் தொகை கிட்டத்தட்ட அதைப் போல இரண்டு மடங்கு. ஏமாற்றுகிறாரா?

பதில்: ஸ்ட்ரட் என்பது சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங்கும், குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பரும் (சுருக்கமாக ஷாக்) சேர்ந்து நிற்கும் தூண். தொகை பெரிதாக இருப்பதாலேயே ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் உண்மையிலேயே ஸ்ட்ரட்தான் போயிருக்கிறதா என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது, அதை முதலில் பார்த்துவிடுவோம்.

சின்னச் சின்ன மேடுபள்ளத்தில் வரும் 'டக் டக்' பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க் தேய்ந்த சத்தமாக இருக்கும். வளைவில் கார் சாயாமல் தடுக்கும் தண்டை சக்கரப் பக்கத்தோடு இணைப்பது அதுதான்; ஒரு விரல் தடிமன் கம்பி, இரண்டு முனையிலும் பந்து மூட்டு, அவ்வளவுதான். ஸ்ட்ரட்டோடு ஒப்பிட்டால் விலையே இல்லை. சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்திருந்தாலும் இதே சத்தம்தான். கார் நிற்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு 'டொய்ங்' என்று விடுபடுகிறதா? அப்படியானால் ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள்.

ஸ்ட்ரட் போனால் சத்தத்தை விட நடத்தையில்தான் அதிகம் தெரியும். மேட்டில் ஏறி இறங்கிய பிறகும் கார் படகு மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும், பிரேக் போட்டால் மூக்கு குத்தும், டயரைத் தடவிப் பார்த்தால் அலை அலையாகத் தேய்ந்திருக்கும். காரை ஜாக்கியில் தூக்கி ஸ்ட்ரட்டைப் பாருங்கள். வியர்த்தது போல லேசான எண்ணெய்ப் படலம் இருந்தால் பயப்பட வேண்டாம். உடம்பெல்லாம் நனைந்து வழிந்திருந்தால் எண்ணெயை அடைத்து வைக்கும் சீல் போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும். பானெட்டை அழுத்திவிட்டுப் பார்க்கும் சோதனையை நான் பெரிதாக நம்புவதில்லை, விட்ட பிறகும் கார் ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் மோசம் என்பது சரி, உடனே நின்றுவிட்டால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் ஆகாது.

இப்போது பில்லுக்கு வருவோம். சாதாரண ஷாக் அப்சார்பர் என்றால் மேலே ஒரு நட், கீழே ஒரு போல்ட், கழற்றி மாட்டிவிடலாம். ஸ்ட்ரட் அப்படி அல்ல. ஏர்ல் மெக்ஃபெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940களில் வடிவமைத்த இந்த அமைப்பில் ஒரே குழாய் ஷாக்காகவும் இருக்கிறது, ஸ்பிரிங்கையும் தாங்குகிறது, சக்கரம் திரும்பும் அச்சாகவும் நிற்கிறது. சக்கரத்தை மேலிருந்து பிடிக்கும் கை என்று தனியாக ஒன்று கிடையாது. தயாரிப்புச் செலவு குறையும், எஞ்சினுக்கு இடமும் கிடைக்கும், அதனால்தான் குடும்பக் கார்களில் எங்கு பார்த்தாலும் இதுவே. அந்தச் சிக்கனத்துக்கான பில் பிற்பாடு நம்மிடம் வருகிறது. மாற்ற வேண்டும் என்றால் முழுசாக வெளியே எடுத்து, ஸ்பிரிங்கை கம்ப்ரஸர் என்ற அமுக்கும் கருவியில் அமுக்கி, மேல் நட்டைக் கழற்றி, எல்லாவற்றையும் புதுக் குழாய்க்கு மாற்ற வேண்டும். பழகிய கைக்கே ஒரு பக்கத்துக்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ஆகும். துருப்பிடித்த போல்ட் என்றால் இன்னும் கூட.

இதோடு மவுன்ட் (ஸ்ட்ரட்டின் தலையைக் கார் உடலோடு பிணைக்கும் ரப்பர் இருக்கை), பேரிங், பம்ப் ஸ்டாப் (ஸ்ட்ரட் முழுசாக அமுங்கி இடிக்காமல் தடுக்கும் துண்டு), டஸ்ட் கவர், ஒருமுறை கழற்றினால் மறுபடி போடக் கூடாத லாக் நட்டுகள் என்று துணைச் சாமான்களும் சேரும். கடைசியில் வீல் அலைன்மென்ட். ஸ்ட்ரட் நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் துண்டு) சேரும் போல்ட் துளைகளில் கொஞ்சம் இடைவெளி இருக்கும், கழற்றி மாட்டினாலே சக்கரத்தின் சாய்வும் (கேம்பர்) அது பார்க்கும் திசையும் (டோ) நகர்ந்துவிடும். அலைன்மென்ட்டை மிச்சம் பிடித்தால் அந்தப் பணம் டயரில் போகும். ஆக, இவையெல்லாம் தனித்தனி வரியாக பில்லில் இருந்தால் இரண்டு மடங்கு நியாயமே. 'ஸ்ட்ரட் வேலை' என்று ஒரே வரியில் மொத்தத் தொகை இருந்தால் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: இடது பக்கம் மட்டும்தான் ஒழுகுகிறது. அதை மட்டும் மாற்றினால் போதாதா?

பதில்: போதாது, ஜோடியாக மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று தளர்ந்தது என்றால் அவசரமாக பிரேக் போடும்போதும் வளைவிலும் கார் ஒரு பக்கம் ஒரு மாதிரி நடந்துகொள்ளும். இரண்டும் சமீபத்தில் மாற்றியவை, ஒன்று மட்டும் இடிபட்டு வளைந்துவிட்டது என்றால் விதிவிலக்கு. முன்னால் மாற்றும்போது பின்னாலும் மாற்றியே ஆக வேண்டும் என்பதில்லை. பல குடும்பக் கார்களில் பின்பக்கம் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி, செலவும் குறைவு.

கேள்வி: ஸ்பிரிங், மவுன்ட் எல்லாம் கோத்து ரெடியாக வருகிற முழு செட் வாங்கலாமா?

பதில்: சாமானுக்குக் கூட ஆகும், லேபரில் குறையும், இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பழைய ஸ்பிரிங் உடைந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், செட்டே வாங்குங்கள். ஆனால் பெயர் தெரியாத செட்டில் ஸ்பிரிங்கின் உயரமும் விறைப்பும் உங்கள் காருக்குச் சரியாக இல்லாமல் போகலாம், மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கலாம். கேஒய்பி, சாக்ஸ் மாதிரி கார் கம்பெனிகளுக்கே சப்ளை செய்கிறவர்கள் தங்கள் பெயரிலும் விற்கிறார்கள், பெட்டியில் கார் கம்பெனி முத்திரை இல்லாததாலேயே விலை இறங்கும். வீட்டிலேயே ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றலாம் என்று மட்டும் கிளம்பாதீர்கள். அது நழுவினால் முகத்துக்குத்தான் வரும்.

கேள்வி: புது ஸ்ட்ரட் போட்டு ஒரு வாரம்தான், மறுபடியும் சத்தம்!

பதில்: மேல் நட் சரியாக முறுக்கப்படவில்லையா, ஸ்பிரிங்கின் நுனி அதன் இருக்கையில் உட்காராமல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஸ்ட்ரட்டின் பளபளக்கும் தண்டைப் பிளையரால் பிடித்து நட்டை முறுக்கியிருந்தால் அதில் கீறல் விழுந்து எண்ணெய் சீலையே அறுத்துவிடும், அதற்குப் புது ஸ்ட்ரட்தான். முக்கியமாக, பழைய மவுன்ட்டையே மறுபடி போட்டார்களா என்று கேளுங்கள். என் காருக்கு ஒரு பட்டறையில் "இது இன்னும் நல்லாத்தான் இருக்கு" என்றார்கள், காசு மிச்சம் என்று நானும் தலையாட்டினேன். நாலே மாதத்தில் அதே மவுன்ட்டுக்காக எல்லாவற்றையும் மறுபடி இறக்கி ஏற்றி, லேபரும் அலைன்மென்ட்டும் இன்னொரு முறை கொடுத்தேன்.