பைபிளை முதன்முறை முழுவதும் படித்த நாத்திகரிடம் சில கேள்விகள்

கேள்வி: கடவுளே இல்லை என்கிறவருக்கு பைபிள் எதற்கு?

பதில்: மேற்கத்திய ஓவியம், கவிதை, நாவல் என எதைத் தொட்டாலும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கிறது. அப்புறம், எங்கள் மேடைகளில் கிண்டலுக்கு எடுக்கும் அதே நாலைந்து வசனங்களுக்கு முன்னும் பின்னும் என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஆசை.

கேள்வி: சலிக்கவில்லையா?

பதில்: சலிக்காமல் என்ன! முதல் நூலான ஆதியாகமம் கதையாக ஓடிவிடும். யாத்திராகமத்தின் பிற்பாதியில் ஆசரிப்புக் கூடாரத்துக்கு, அதாவது வழிபாட்டுக் கூடாரத்துக்கு, எத்தனை முழம் திரை என்று ஆரம்பித்து, லேவியராகமத்தின் பலிச் சட்டங்களுக்கு வரும்போது பலரும் மூடி வைத்துவிடுகிறார்கள். முதலாம் நாளாகமத்தின் முதல் 9 அதிகாரங்கள் பெரும்பாலும் வம்ச அட்டவணை. கண்ணை ஓட்டினேன், அவ்வளவுதான்.

கேள்வி: முரண்பாடுகளைக் குறித்து வைத்திருப்பீர்களே, கொஞ்சம் சொல்லுங்கள்.

பதில்: ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் விலங்குகளுக்குப் பிறகு மனிதர், இரண்டாவதில் ஆதாம் வந்தபிறகு விலங்குகள். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ், மத்தேயு நூலில் நான்றுகொண்டு சாகிறான், அப்போஸ்தலர் நடபடிகளில் தலைகீழாக விழுந்து வயிறு வெடித்துச் சாகிறான். பட்டியல் நீளும். ஆனால் இதை வைத்து வாதத்தில் ஜெயிக்கும் ஆர்வம் எனக்குக் குறைந்துவிட்டது. பல நூற்றாண்டுகளாகப் பலர் எழுதியதை ஒரே அட்டைக்குள் சேர்த்திருக்கிறார்கள். எல்லாம் ஒத்துப்போயிருந்தால்தான் ஆச்சரியம்.

கேள்வி: தூக்கிவாரிப் போட்ட இடம்?

பதில்: நியாயாதிபதிகள் நூலின் 11ஆம் அதிகாரம். போரில் ஜெயித்துத் திரும்பினால் தன் வீட்டு வாசலிலிருந்து எதிர்கொண்டு வருவதைப் பலியிடுவதாக யெப்தா நேர்ந்துகொள்கிறான். தம்புரு வாசித்து ஆடியபடி வருவது அவனுடைய ஒரே மகள். மகனைப் பலியிடப் போன ஆபிரகாமின் கையைத் தடுத்த வானத்துக் குரல் இங்கே வரவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பெயர்கூடக் கொடுக்கவில்லை. இரண்டு மாதம் தவணை கேட்டுத் தோழிகளோடு மலைக்குப் போய் அழுதுவிட்டுத் திரும்பி வருகிறாள். எழுதியவர் நியாயப்படுத்தவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை.

கேள்வி: பிடித்தது எதுவுமே இல்லையா?

பதில்: யோபு! நல்லவன் ஒருவனைச் சோதித்துப் பார்க்கலாம் என்று பரலோகத்தில் பேச்சு வருகிறது. அதற்காக அவன் சொத்தும் பத்துப் பிள்ளைகளும் போகிறார்கள். துக்கம் விசாரிக்க வந்த நண்பர்கள், ‘கடவுள் அநியாயம் செய்ய மாட்டார், நீ ஏதோ பாவம் செய்திருப்பாய்’ என்கிறார்கள். யோபு விடுவதாக இல்லை, கடவுளையே வழக்குக்கு இழுக்கிறான். பெருங்காற்றிலிருந்து கடவுள் பேசுகிறார்: “நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்?” அருமையான கவிதைதான், ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. நான் எதிர்பார்க்காதது 42ஆம் அதிகாரம். கடவுளுக்கு வக்காலத்து வாங்கிய நண்பர்கள்மேல்தான் அவருக்குக் கோபம். சரியாகப் பேசியவன் யோபு என்கிறார். கடைசியில் ஆடு மாடு எல்லாம் இரண்டு மடங்காகின்றன, பிள்ளைகள் மட்டும் பழையபடி பத்து. செத்துப்போன பத்துப் பேரைப் பற்றி யாரும் பேசவில்லை. நல்லவனுக்கு ஏன் துன்பம் என்று எங்கள் ஆட்கள் கேட்கும் கேள்வியைப் பைபிளே நம்மைவிடக் காட்டமாகக் கேட்டுவைத்திருக்கிறது.

கேள்வி: இயேசு?

பதில்: அவர் கதையைச் சொல்லும் மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்ற நான்கு சுவிசேஷங்களில் நான்கு ஆட்கள். மாற்குவின் இயேசு, பழக்காலம் இல்லாத சமயத்தில் பழம் தேடி அத்திமரத்தைச் சபிக்கிறார். சிலுவையில் “ஏன் என்னைக் கைவிட்டீர்” என்று கதறுகிறார். அது பைபிளின் பாடல் தொகுப்பான சங்கீதத்தில் 22ஆம் பாடலின் முதல் வரி. யோவானில் அந்தக் கதறலே கிடையாது, “முடிந்தது” என்று நிதானமாகச் சொல்லி உயிரை விடுகிறார். எனக்கு மாற்குவின் ஆள்தான் நெருக்கம்.

கேள்வி: நம்பிக்கை வந்ததா?

பதில்: இல்லை.

கேள்வி: நானும் படிக்க நினைக்கிறேன். எந்தப் பதிப்பு, எங்கே தொடங்குவது?

பதில்: தமிழ் புராட்டஸ்டண்ட் சபைகளில் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பில் 66 நூல்கள், நடை கொஞ்சம் கரடுமுரடு, ஆனால் ஓசை அருமை. கத்தோலிக்கப் பைபிளில் 73. 1995இல் வந்த திருவிவிலியம் இன்றைய தமிழில் இருக்கிறது, புதிதாகப் படிப்பவருக்கு அது சுலபம். முதல் பக்கத்திலிருந்து போகாதீர்கள். ரூத் 4 அதிகாரம், பிரசங்கி 12, மாற்கு 16. அதன்பிறகு யோபு. பைபிளின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தைக் கடைசிக்கே தள்ளுங்கள். பழைய ஏற்பாட்டின் தானியேல் நூலைப் படிக்காமல் அதில் வரும் மிருகங்கள் ஒன்றுமே பிடிபடாது.