கேள்வி பதில்: எந்த ஊர் ‘மா’?

கேள்வி: சவுதியிலிருந்து வந்த கொழுந்தன் எதைக் கேட்டாலும் ‘மாஃபி’ என்கிறார். அந்த ‘மா’ நம்ம மாவா?
– குளச்சல் வாசகி

பதில்: சம்பந்தமே இல்லை. அரபியில் ‘மா’ மறுப்பு, ‘ஃபி’ என்றால் உண்டு, சேர்த்தால் ‘கிடையாது’. நமக்கோ மாமரம், விலங்கு, புட்டுக்கு நனைக்கிற மாவு, ‘வேலி’ என்கிற பழைய நில அளவில் 20-ல் ஒரு பங்கு நிலம் என்று ஏற்கெனவே ஏகப்பட்ட மா. ஹங்கேரிய மொழியில் ‘இன்று’, இத்தாலியனில் ‘ஆனால்’, எஸ்தோனியனில் ‘நான்’. சீனத்தில் தொனி பிசகினால் அம்மா குதிரையாகிவிடுவார், கவனம்! வியட்நாமிய மொழியில்தான் கூத்து: இழுக்கிற இழுப்பைப் பொறுத்து பேய், அம்மா, கல்லறை, அப்புறம் நாஞ்சில்நாட்டு வயலில் நடுகிறோமே, அந்த நெல்நாற்றுகூட மாதான். உதட்டை மூடித் திறந்தாலே வந்துவிடுகிற சத்தம், ஆளாளுக்கு எடுத்துக்கொண்டார்கள். சரி, ‘கல்லிவல்லி’க்கு என்ன அர்த்தம் என்றும் கொழுந்தனிடம் கேட்டு வையுங்கள்.