கேள்வி – பதில்: லைசியத்தில் பாப் மார்லி

கேள்வி: ஜமைக்கப் பாடகர் பாப் மார்லியின் ‘லைவ்!’ ஆல்பத்தை, அந்நாட்டு இசையான ரெக்கேயின் ரசிகர்கள் இப்படிக் கொண்டாடுவது ஏன்? ஃபோனில் கேட்டேன், தட்டையாகத்தான் இருந்தது.

பதில்: குறை ஃபோன் ஸ்பீக்கரில்தான். ரெக்கேயைத் தாங்குவதே பேஸ் கித்தார். அதன் ஒலி 100 ஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்கும். சின்ன ஸ்பீக்கரில் அது காணாமலே போய்விடும். காதை மூடும் ஹெட்ஃபோனில், பேஸ் பூஸ்ட் போடாமல் கேளுங்கள். போட்டால் மார்லி குழுவின் பேஸ் கலைஞர் ஆஸ்டன் பாரெட் வாசிக்கும் சுரங்கள் ஒன்றோடொன்று குழைந்துவிடும்.

1975 ஜூலையில் லண்டன் லைசியம் அரங்கில் பதிவானது இது. ‘நோ உமன், நோ க்ரை’யிலிருந்து தொடங்குங்கள். 1974இல் வந்த ஸ்டூடியோ வடிவத்தில் தாளத்துக்கு டிரம் மெஷின், வேகமும் அதிகம். இங்கே கார்ல்டன் பாரெட்டின் டிரம்ஸ். நிதானமாக ஏழு நிமிடம் ஓடுகிறது. ஆர்கன் ஒலித்ததுமே, மார்லி வாய் திறக்கும் முன்பே, கூட்டம் பல்லவியைப் பாடத் தொடங்கிவிடுகிறது! அந்தக் குரல்களை வெறும் கைத்தட்டல் சத்தமாகப் பின்னுக்குத் தள்ளாமல் பாட்டின் பகுதியாகவே கலந்திருக்கிறார்கள். ஆல்பத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. தனிப்பாட்டாகவும் வெளியாகி பிரிட்டனில் மார்லிக்குப் பெயர் வாங்கித் தந்ததும் இந்த வடிவமே.

கேள்வி: தாளம் பிடிபடவில்லையே?

பதில்: நான்கு வரை எண்ணுங்கள். ரெக்கேயின் அடையாளமான ‘ஒன் டிராப்’ தாளத்தில் 1 காலி. பேஸ் டிரமும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஸ்நேரும் (குச்சியால் அடிக்கும் சின்ன டிரம்) சேர்ந்து 3இல் விழும். கித்தாரின் சுருக்கென்ற வெட்டு வீச்சு 2, 4இல். ராக் பழக்கத்தில் 1இல் காலைத் தட்டினால் தடுமாறும்.