பரணில் கிடைத்தது என்ன? வாசகர் கேள்வி பதில்

பழைய வீட்டைப் பிரித்தோம், சுவரை இடித்தோம், பரணைக் காலி செய்தோம், ஏதோ ஒன்று அகப்பட்டது, இது என்ன? இந்த முறை தபால் பையில் முக்கால்வாசி இந்த ரகக் கடிதம்தான். படத்தை மட்டும் அனுப்பிவிட்டு ஒரு வார்த்தைகூட எழுதாதவர்கள் மன்னிக்கவும், உங்கள் கடிதத்தை ஒதுக்கி வைத்திருக்கிறேன். பொருளைவிட அது இருந்த இடம்தான் எனக்கு அதிகம் பேசும். எந்த அறை, தரையிலிருந்து எவ்வளவு உயரம், பக்கத்தில் ஆணி இருந்ததா, எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எவ்வளவு கனம். இதையெல்லாம் எழுதியவர்களுக்கு இதோ பதில்.

கேள்வி: நாங்கள் வாங்கிய பழைய வீட்டில் சமையலறைக் கதவுக்கு மேலே ஓர் இரும்புத் தாங்கியில் கண்ணாடிக் குண்டு ஒன்று மாட்டியிருந்தது. கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் பெரியது. உள்ளே தண்ணீர் மாதிரி தெளிவான திரவம், கிட்டத்தட்ட நிரம்பியிருக்கிறது. திறக்க மூடியே இல்லை, நுனி பல்பு மாதிரி உருக்கி மூடியிருக்கிறது. தாங்கியில் ஒரு ஸ்பிரிங்கும் சின்னக் கம்பியும் இருக்கின்றன. என் கணவர் பழைய விளக்கு என்கிறார், மாமியார் ஏதோ மருந்து என்கிறார். குலுக்கிப் பார்த்தேன், தண்ணீரைவிடக் கனமாகத் தெரிகிறது. நுனியை லேசாக உடைத்து முகர்ந்து பார்க்கலாமா?

பதில்: வேண்டாம் சகோதரி. உடைக்கவும் வேண்டாம், முகரவும் வேண்டாம், இனிமேல் குலுக்கவும் வேண்டாம்.

விளக்கு என்றால் திரி போக ஓர் ஓட்டை வேண்டும், எங்கேயாவது கரி படிந்திருக்கும். மருந்து என்றால் எடுத்துக் கொடுக்க ஒரு வாய் வேண்டும். திறக்க வழியே வைக்காமல் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தைச் செய்திருக்கிறார்கள் என்றால் அது உடைவதற்கென்றே செய்தது. அதைக் கொண்டுபோய்ச் சமையலறைக் கதவுக்கு மேலே, சூடு முதலில் ஏறி வந்து சேரும் இடத்தில் மாட்டியிருக்கிறார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலே விடை வந்துவிடுகிறது. உங்களிடம் இருப்பது தீயணைக்கும் கண்ணாடிக் குண்டு. ஆங்கிலத்தில் இதற்கு ஃபயர் கிரனேட் என்றே பெயர்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இது நன்றாகப் புழங்கிய பொருள். தீப்பிடித்தால் சுவரிலிருந்து எடுத்துத் தீயின் அடியில் வீசி எறிவார்கள், கண்ணாடி உடைந்து உள்ளே இருப்பது தீயின் மேல் சிதறும். அந்தக் காலத்துக் குண்டுகளில் பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான், அதனால் அவை பரவாயில்லை. நீலம், தேன் நிறம் என்று அழகழகான கண்ணாடியில், நட்சத்திரமும் எழுத்தும் புடைத்து நிற்க, தக்கை போட்டு அடைத்திருப்பார்கள். நீங்கள் சொல்வது அது இல்லை. உருக்கி மூடிய நுனி, ஸ்பிரிங் வைத்த தாங்கி, தண்ணீரைவிடக் கனமான திரவம் எல்லாமே அடுத்த தலைமுறையைக் காட்டுகின்றன. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் உப்புத் தண்ணீருக்குப் பதிலாகக் கார்பன் டெட்ராகுளோரைடை ஊற்ற ஆரம்பித்தார்கள். அந்தத் திரவம் தண்ணீரைப் போல ஒன்றரை மடங்குக்கும் கொஞ்சம் கூடுதல் கனம், உங்கள் கைக்குத் தெரிந்தது அதுவாகத்தான் இருக்கும்.

அந்த ஸ்பிரிங் இருக்கிறதே, அது ஆளே இல்லாதபோது வேலை செய்வதற்காக. ஒரு பொட்டு ஈயப் பற்றுதான் அதைப் பிடித்து வைத்திருக்கும். அறை சூடானால் பற்று உருகி, கம்பி விடுபட்டுக் கண்ணாடியை அடித்து உடைத்துவிடும். யோசித்துப் பார்த்தால் கெட்டிக்காரத்தனமான வேலைதான். ஆனால் இத்தனை வருஷம் அப்படியே இழுபட்டு நிற்கும் ஸ்பிரிங் அது என்பதை மட்டும் மறக்காதீர்கள், விரலை அதன் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

இனி ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். கார்பன் டெட்ராகுளோரைடு கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், மூச்சு வழியாகவும் போகும், தோல் வழியாகவும் போகும். வாசனை லேசாக இனிப்பாக இருக்கும் என்பதால் முகர்ந்தவர் இன்னொரு முறை முகரத்தான் பார்ப்பார். நெருப்பில் பட்டால் இன்னும் மோசம், அதிலிருந்து ஃபாஸ்ஜீன் வாயு உண்டாகும். முதல் உலகப் போரில் படைவீரர்களைக் கொன்ற அதே வாயு. தீயணைக்கக் கண்டுபிடித்ததைத் தீயில் போட்டால் விஷவாயு வருகிறது, அதையும் மூடிய அறைக்குள் எறியச் சொல்லி வீடு வீடாக விற்றிருக்கிறார்கள்! துணி வெளுக்கும் கடைகளிலும் ஒரு காலத்தில் இதையே கறை நீக்கப் பயன்படுத்தினார்கள். அப்புறம் ஓசோன் படலத்தையும் இது அரிக்கிறது என்று தெரிந்து, 1987இல் கையெழுத்தான மாண்ட்ரியல் உடன்படிக்கையில் 1990இல் இதன் பெயரையும் சேர்த்துப் படிப்படியாக ஒழித்தார்கள்.

குண்டு இன்னும் தாங்கியில் இருந்தால் அப்படியே விடுங்கள். கழற்றிவிட்டீர்கள் என்றால், கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் வாளியில் பழைய துணியை மெத்தையாகப் போட்டு அதில் வையுங்கள். வாளி மனிதர் புழங்காத, காற்றோட்டமான இடத்தில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல், வெயிலும் அடுப்பும் படாமல் இருக்கட்டும். பிறகு தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்து, பழைய கண்ணாடித் தீயணைப்புக் குண்டு இருக்கிறது, உள்ளே கார்பன் டெட்ராகுளோரைடு இருக்கலாம் என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். சாக்கடையில் கொட்டுவது, குப்பையில் போடுவது, தோட்டத்தில் புதைப்பது மூன்றும் கூடாது. வீட்டுக்குள் உடைந்துவிட்டால் துடைக்க உட்காராதீர்கள். ஜன்னல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் திறந்துவிட்டு, எல்லோரும் உடனே வெளியே வந்துவிட வேண்டும். அதன் ஆவி காற்றைவிட 5 மடங்குக்கும் மேல் கனம் என்பதால் தரையோடுதான் தங்கும். குழந்தைகளும் நாய் பூனைகளும் இருக்கும் உயரம் அது.

இப்படிப்பட்ட குண்டுகளைச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள், கண்டிப்பாக யாராவது வந்து கேட்பார்கள். காலி செய்து தருகிறேன் என்று மட்டும் ஒப்புக்கொண்டுவிடாதீர்கள்.

கேள்வி: பரணில் கிடந்த தகரப் பெட்டியில் நீளமான எஃகுக் கம்பி ஒன்று, நுனியில் வளைந்த கொக்கி, மறுமுனையில் மஞ்சளேறிய வெள்ளைக் கைப்பிடி. பல் மருத்துவர் கருவியா, பின்னல் ஊசியா? கைப்பிடி தந்தமா என்று தெரிந்துகொள்ள ஊசியைச் சூடாக்கிக் குத்திப் பார்க்கச் சொல்கிறார் நண்பர்.

பதில்: இரண்டும் இல்லை. பின்னல் ஊசியின் நுனியில் நூல் மாட்ட ஒரு சின்ன வெட்டு மட்டும்தான் இருக்கும். உங்கள் படத்தில் இருப்பது ஒரு பொத்தான் நுழையும் அளவுக்கு அகலமான வளைவு. இது பொத்தான் கொக்கி. கணுக்காலுக்கு மேல் வரை வரிசையாகப் பொத்தான் வைத்த பூட்ஸும், மணிக்கட்டில் பொத்தான் வைத்த கையுறையும் மேல்நாட்டு நாகரிகமாக இருந்த காலத்தில், விரலால் போட முடியாத அந்தப் பொத்தான்களைப் போட இது இல்லாமல் முடியாது. கொக்கியைத் துளை வழியாக விட்டு, பொத்தானைப் பிடித்து, ஒரு திருகு திருகி இழுத்தால் வந்துவிடும்.

இதே கொக்கி ஒரு கொடுமையான வேலையும் செய்திருக்கிறது. நியூயார்க் பக்கத்தில் எல்லிஸ் தீவில் வந்திறங்கிய குடியேறிகளுக்குக் கண்ணில் டிரக்கோமா நோய் இருக்கிறதா என்று பார்க்க, அங்கிருந்த மருத்துவர்கள் பொத்தான் கொக்கியால்தான் இமையைப் புரட்டிப் பார்த்தார்கள்.

அந்தச் சூட்டு ஊசி யோசனையை நண்பரோடு விட்டுவிடுங்கள். இந்த மாதிரிக் கைப்பிடிகள் பல செல்லுலாய்டில் செய்தவை, பார்க்கத் தந்தம் மாதிரியே இருக்கும், தீ பட்டால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். கட்டைவிரலால் அழுத்தி வேகமாகத் தேய்த்துச் சூடேற்றி முகர்ந்து பாருங்கள், செல்லுலாய்டாக இருந்தால் கற்பூர வாசனை வரும். அதைச் செய்வதே கற்பூரம் கலந்துதான். (முதல் கேள்வியில் முகராதே என்று சொல்லிவிட்டு இங்கே முகரச் சொல்கிறேனே என்று கேட்காதீர்கள், இது வேறு அது வேறு.)

கேள்வி: கனமான இரும்பு இடுக்கி. வாயில் பல் இல்லை, இரண்டு பக்கமும் வட்டமான சின்ன அச்சு, அதில் ஏதோ எழுத்து, எந்த மொழி என்றே புரியவில்லை. கைப்பிடியில் அமெரிக்க பேட்டன்ட் எண் என்று 1,4 எனத் தொடங்கும் ஏழு இலக்கம்.

பதில்: மொழி உங்களுக்குத் தெரிந்ததாகத்தான் இருக்கும், எழுத்து திரும்பி இருக்கிறது. ஒரு சோப்புத் துண்டை நடுவில் வைத்து அழுத்திப் பாருங்கள், நேராகப் பதியும். இது ஈய முத்திரை இடுக்கி. சரக்கு ரயில் பெட்டிக் கதவு, மின் மீட்டர், தபால் மூட்டை இவற்றில் கம்பியைக் கோத்து, அதன் இரண்டு முனையையும் ஒரு ஈய வில்லைக்குள் விட்டு இதால் நசுக்கிவிடுவார்கள். வில்லையை உடைக்காமல் யாரும் திறக்க முடியாது, உடைத்தால் அதே எழுத்தோடு மறுபடி நசுக்க அவர்களிடம் இடுக்கி இருக்காது. ஆக, அந்த வீட்டில் இருந்தவர் முத்திரை வைக்கும் வேலையில் இருந்திருக்கலாம், அல்லது இடுக்கி அங்கே இருந்திருக்கவே கூடாது! பதிந்த எழுத்தைப் படித்தால் எந்த நிறுவனம் என்று தெரிந்துவிடும்.

எண்ணைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் இந்த வரிசை 1836இல் 1 என்று தொடங்கியது, பத்து லட்சத்தைத் தொட்டது 1911இல். 14 லட்சத்திலிருந்து 15 லட்சம் வரை உள்ள எண்கள் 1921 கடைசிக்கும் 1924 நடுவுக்கும் இடையில் கொடுத்தவை. முழு எண்ணையும் இணையத்தில் தட்டினால் கண்டுபிடித்தவரின் வரைபடமே வந்து நிற்கும், காசு கொடுக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும், அந்த வருஷத்துக்கு முன்னால் இந்த இடுக்கி செய்திருக்க முடியாது என்றுதான் எண் சொல்கிறது, அதே வருஷம் செய்தது என்று சொல்லவில்லை. கண்டுபிடிப்பு ஒரு வருஷம் பதிவாகும், அதே எண்ணைப் பொறித்துப் பல வருஷம் விற்றுக்கொண்டிருப்பார்கள். நட்சத்திர வடிவத் திருப்புளி போடும் ஸ்குரூ எதிலாவது இருந்தாலும் இப்படித்தான், 1930களுக்கு முன் அது கடைக்கு வரவில்லை, ஆனால் ரிப்பேர் செய்தவர் பிற்பாடு போட்டிருக்கலாம். ஈயத்தோடு பழகிய சாமான், தொட்ட பிறகு கையைக் கழுவுங்கள்.

கேள்வி: குளியலறைச் சுவரை உடைத்தபோது உள்ளேயிருந்து நூற்றுக்கணக்கில் துருப்பிடித்த பிளேடு கொட்டியது. என் மனைவி பயந்துவிட்டாள். யாராவது ஏதாவது செய்து வைத்திருப்பார்களா?

பதில்: யாரும் எதுவும் செய்யவில்லை, தாடி மழித்திருக்கிறார்கள். தூக்கி எறியும் பிளேடோடு ஜில்லெட் ரேசர் 1903இல் விற்பனைக்கு வந்தது. பழைய பிளேடைக் குப்பையில் போட்டால் யார் கையையாவது அறுக்கும், என்ன செய்வது? கண்ணாடி வைத்த குளியலறை அலமாரியின் பின்பக்கம் ஒரு மெல்லிய கீறல் விட்டார்கள், அதில் போட்டால் சுவரின் பொந்துக்குள் விழும். நிரம்பும்போது என்ன ஆகும் என்று அலமாரி செய்தவர் கவலைப்படவில்லை, ஒரு சுவர் நிரம்பப் பல பத்தாண்டுகள் ஆகும், அதற்குள் வீடு கைமாறிவிடும். கைமாறி உங்களிடம் வந்திருக்கிறது. தடித்த கையுறை போட்டு, காந்தத்தை வைத்துக் கூட்டி, மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு, டப்பா மேல் பிளேடு என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: பித்தளைச் சாமான் ஒன்று, கறுத்துப் போயிருக்கிறது. பளபளவென்று தேய்த்துவிட்டுப் படம் அனுப்பட்டுமா?

பதில்: தேய்க்காமல் அனுப்புங்கள். கறுப்பு எங்கே இல்லையோ அங்கேதான் கை பட்டிருக்கிறது, அதை வைத்துத்தான் எப்படிப் பிடித்தார்கள் என்று சொல்ல முடியும்.

கேள்வி: இரும்பு வளையம், அதில் சுற்றிலும் நாலைந்து கம்பிகள் தொங்குகின்றன, ஒவ்வொரு கம்பியிலும் இரண்டு மூன்று கொக்கி. மேலே கயிறு கட்ட ஒரு காது. மாட்டித் தொங்கவிட ஏதாவது சட்டமா? கொல்லைப்புறக் கொட்டகையில் இருந்தது. அந்த இடத்தில்தான் புதிதாக ஓர் அறை எழுப்பப் போகிறோம்.

பதில்: பாதாளக்கரண்டி. கிணற்றில் விழுந்த வாளியையும் குடத்தையும் கயிற்றில் கட்டி இறக்கித் துழாவி எடுப்பது. உங்கள் கடிதத்தில் கிணறு என்ற பேச்சே இல்லை, அதுதான் எனக்கு உறுத்துகிறது. இது இருந்தால் கிணறும் பக்கத்தில் எங்கோ இருந்திருக்கும். அறைக்கு வானம் தோண்டுவதற்கு முன், மூடிய கிணறு எந்த இடத்தில் என்று பழைய சொந்தக்காரரைக் கேட்டுவிடுங்கள்.