அரியர் விழுந்த தாளை விட்டுவிட வேண்டாம்

அன்புள்ள அம்மா,

எம்.ஏ. ஆங்கிலம் முதலாண்டில் டிரைடன், போப் என்ற பழைய ஆங்கிலக் கவிஞர்கள் வரும் தாளில் மகளுக்கு அரியர் விழுந்துவிட்டது, "300 வருஷத்துக்கு முந்தைய பாட்டைப் படித்து என்ன வேலைக்குப் போகப்போகிறேன்" என்று படிப்பையே நிறுத்தப் பார்க்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். நிறுத்த விடாதீர்கள்.

அவள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். இந்தத் தாளை மட்டும் பார்த்து யாரும் வேலை கொடுக்கமாட்டார்கள். ஆனால் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக நெட், செட் என்ற தகுதித் தேர்வுகளில் ஒன்று அல்லது பிஎச்.டி. வேண்டும். நெட்டில் மொத்தம் 150 கேள்விகள். அதில் 100 கேள்விகள் அவரவர் பாடத்திலிருந்து வரும். நூல்களைக் கால வரிசைப்படுத்து, பொருத்து என்பது போன்ற கேள்விகளுக்கு டிரைடன், போப் காலத்துக் கவிதை ரொம்பத் தோதானது. ஏனென்றால் முக்கியமான கவிதைகள் பலவற்றின் பின்னாலும் ஒரு சண்டை இருக்கிறது.

1660-இல் இரண்டாம் சார்லஸ் இங்கிலாந்து திரும்பி அரியணை ஏறியதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அவருக்குப் பிறகு கத்தோலிக்கரான தம்பி ஜேம்ஸ் பட்டத்துக்கு வரக்கூடாது என்று எழுந்த தகராறில் பிறந்தது, டிரைடனின் 'ஆப்சலம் அண்ட் அகிட்டோஃபெல்' என்ற கவிதை, 1681. 1688-இல் ஜேம்ஸ் ஆட்சியை இழந்தார். கத்தோலிக்கராக மாறியிருந்த டிரைடனின் அரசவைக் கவிஞர் பதவியும் அதோடு போயிற்று. அந்தப் பதவி யாருக்குக் கிடைத்தது தெரியுமா? 'மேக் ஃபிளெக்னோ' என்ற கேலிக் கவிதையில் டிரைடன் கிழித்துத் தொங்கவிட்ட அதே ஷாட்வெல் என்ற எழுத்தாளருக்கு. இந்தக் கதை மனதில் ஏறிவிட்டால் வருஷங்களைத் தனியாக உருப்போட வேண்டாம்.

என்னிடம் வரும் பிள்ளைகள் பலர் கைடை மட்டும் படித்துவிட்டு, கவிதையைத் தொடாமலே தேர்வுக்குப் போகிறார்கள். எனக்கு வருத்தம் தருவது இதுதான். போப்பின் 'தி ரேப் ஆஃப் தி லாக்' ஐந்து காண்டமும் சேர்த்து 800 வரிக்குள் முடிந்துவிடும். வாய்விட்டு வாசிக்கட்டும். மூன்றாம் காண்டத்தின் தொடக்கத்தில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை வருகிறது. மூன்று நாடுகள் பணியும் ஆன் ராணி அங்கே சில சமயம் ஆலோசனை 'டேக்' செய்கிறார், சில சமயம் டீ 'டேக்' செய்கிறார். ஒரே வினைச்சொல், அரச காரியமும் டீயும் சமமாகிவிடுகின்றன. அந்த அரசவையைப் பற்றிய முழு விமர்சனமும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. அடி முடிவில் 'ஒபே'யும் (பணிதல்) 'டீ'யும் இயைபாக வர வேண்டும், இன்றைய உச்சரிப்பில் வராது. அன்று டீயை 'டே' என்று சொல்வார்கள். நம் தேயிலையில் உள்ள 'தே'க்குப் பக்கத்து ஒலி. அடிக்குப் பத்து சிலபிள், இரண்டடியில் கருத்து முடிந்துவிடும். குறள் படித்து வளர்ந்த காதுக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

மகள் தமிழிலும் நன்றாக எழுதுவாள் என்று சொல்லியிருந்தீர்கள். அப்படியானால் போப்பின் வாழ்க்கையையும் அவள் படிக்க வேண்டும். கத்தோலிக்கர் என்பதால் அவருக்குப் பல்கலைக்கழகக் கதவு அடைத்திருந்தது. ஹோமரின் இலியட்டை மொழிபெயர்த்து 1715 முதல் 1720 வரை ஆறு தொகுதிகளாகக் கொண்டுவந்தார். வாசகர்கள் தொகுதிக்கு ஒரு கினி (அந்நாளைய ஆங்கிலத் தங்க நாணயம்) வீதம் சந்தா கட்டினார்கள். எழுத்தை நம்பியே கௌரவமாக வாழ அவருக்கு வழிசெய்தது அந்த மொழிபெயர்ப்புதான். மொழிபெயர்ப்பு, பதிப்பகங்களில் பிரதி திருத்தும் வேலை இரண்டுக்கும் இன்று ஆள் தேவைப்படுகிறது. ஒரு சொல் இரண்டு பக்கமும் இழுப்பதைக் கண்டுபிடிக்கிற கண் அங்கே வேண்டும். அந்தப் பயிற்சிக்கு இதைவிட நல்ல தாள் அவள் பாடத்திட்டத்தில் இருக்காது என்பது என் எண்ணம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: அரியர் கட்டணம் கட்டக் கடைசித் தேதியை இந்த வாரமே கல்லூரியில் கேட்டுவிடுங்கள். அடுத்த பதினைந்து நாள் கைடை எடுத்து வைத்துவிட்டு, தினம் ஐம்பது அறுபது வரி அவள் வாசிக்கட்டும். அப்புறம் என்னைப் பார்க்க வரச் சொல்லுங்கள். அந்த ராணி, டீ வரிகளை, 'டேக்' செய்யும் வேலை கெடாமல், தமிழில் எழுதிக் கொண்டுவரட்டும்.