ஆபரேஷனுக்கு முன்னால் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னால் நோயாளிக்குப் பயம் குறையுமா, கூடுமா?

குறையும். உங்கள் வீட்டிலும் யாருக்கோ தேதி குறித்தாகிவிட்டது, "அவர்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க, பயந்துடுவார்" என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது, அப்படித்தானே? எனக்கும் அதையேதான் செய்தார்கள்.

ஹெர்னியா ஆபரேஷன். டாக்டர் என் அண்ணனை மட்டும் வெளியே கூப்பிட்டுப் பேசினார். வயிறு என்னுடையது, பேச்சு அவர்களுக்குள். காதில் விழுந்த அரைகுறை வார்த்தைகளை வைத்து மீதியை நானே ஜோடித்துக்கொண்டேன்.

அப்புறம்தான் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "முதுகில ஊசி போடுவோம், கால் சூடாகும், அப்புறம் கனத்துப்போய் அசைக்கவே வராது, சில மணி நேரத்துல சரியாயிடும். உள்ளே இழுக்கிற மாதிரி தெரியும், வலிக்காது. முடிஞ்சதும் சிலருக்கு நடுங்கும், போர்த்திவிடுவோம். இருமல் வந்தா தையல் மேல தலையணையை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு இருமுங்க." அவ்வளவுதான். மறுநாள் ஊசி போட்ட பிறகு கால்களை அசைக்கப் பார்த்தேன், வரவில்லை. முன்பே சொல்லியிருக்காவிட்டால் கத்தி ஊரைக் கூட்டியிருப்பேன். தியேட்டரில் ஆளாளுக்குப் பேரையும் எந்தப் பக்கம் என்பதையும் கேட்டார்களே, அதுகூட உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த சரிபார்ப்புப் பட்டியலில் உள்ளதுதான், ஆள் மாறிவிடக் கூடாது என்பதற்காக. தெரியாதவனுக்கு அந்தக் கேள்வியே வயிற்றைக் கலக்கும்.

ஒருத்தன் அனுபவத்தை வைத்துப் பேசாதே என்று யாராவது வருவீர்கள். 1964-இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை டாக்டர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் ஒரு பகுதியினரிடம் வலி எங்கே வரும், எப்படிச் சமாளிப்பது என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். மற்றவர்களுக்குத் தேவைப்பட்ட வலி மருந்தில் ஏறக்குறைய பாதிதான் அவர்களுக்குத் தேவைப்பட்டது, வீட்டுக்கும் சீக்கிரமே போனார்கள்.

எல்லாருக்கும் எல்லாவற்றையும் கொட்டச் சொல்லவில்லை. கத்தி என்றாலே வேர்த்துப்போகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் எவ்வளவு தெரிய வேண்டும் என்று கேட்டுக்கொண்டு சொன்னால் போச்சு. டாக்டர்களுக்கு நேரமில்லை என்றும் சொல்லாதீர்கள், அந்த அம்மா பேசியது ஒரு டீ ஆறுகிற நேரம்கூட இருக்காது. அதே நேரத்தை என் அண்ணனிடம் செலவழிக்க முடிந்ததல்லவா?

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். முதுகுப்பக்கம் முடிச்சுப் போடுகிற அந்த அங்கியை யார் கண்டுபிடித்தார்களோ! படுத்துக் கிடக்கிறவனுக்குச் சரி. எழுந்து நடக்கச் சொல்கிறீர்களே, ஒரு கை டிரிப்ஸ் ஸ்டாண்டில், இன்னொரு கை பின்னால் துணியைப் பிடித்துக்கொண்டு, இதில் தையலை எந்தக் கையால் பிடிப்பது?